பழைய எஞ்சின் சாமானைப் பூட்டுமுன் கழுவுவது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து பஸ்ஸில் போட்டுவிட்ட ஜப்பான் சிலிண்டர் ஹெட், வாழைச்சேனையில் கைமாறிய போட் எஞ்சின் பிளாக், பக்கத்து ஊர் உழவு மெசினில் கழற்றிய காபரேட்டர் என்று மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துக் கராஜ்களுக்குப் பழைய சாமான் வராத கிழமை இல்லை. வருவது பெரும்பாலும் கறுத்து, ஒயில் சேறு பிடித்துத்தான் வரும். எதால் கழுவலாம், எதால் கழுவவே கூடாது, கழுவிய பிறகு எதைச் சோதிக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கான பதில்கள் கீழே.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சாமான் வெளியே பளபளக்க வேண்டும் என்பதில் எங்களுக்கு அக்கறை குறைவு. பூட்டிய பிறகு எஞ்சினைத் தின்பவை துளைகளுக்குள் தங்கிய மண், கழுவும்போது நாமே உள்ளே விட்ட தூள், உலராமல் நின்ற தண்ணீர் ஆகியவை.

கழுவத் தொடங்குமுன் என்ன பார்க்க வேண்டும்?

அழுக்கைப் பாருங்கள். கழுவிவிட்டால் அந்தத் தடயம் போய்விடும்.

கறுத்து வழுவழுத்த ஒயில் சேறு சாதாரணம். நேரத்துக்கு ஒயில் மாற்றவில்லை என்பதைத்தான் அது காட்டும். பால்கோப்பி நிறத்தில் பசை போல இருந்தால் ஒயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது: கேஸ்கெட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே வரும் தகடு) போயிருக்கலாம், ஹெட் வெடித்திருக்கலாம். ஒயில் மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் இருந்தால் அது வெறும் ஈரமாகவும் இருக்கலாம். ஹெட் முழுக்க இருந்தால் வெடிப்புச் சோதனை செய்யாமல் பூட்டாதீர்கள்.

சேற்றை விரலில் தேய்த்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். மினுங்கும் துகள் இருந்தால் உள்ளே ஏதோ தேய்ந்து உடைந்த எஞ்சின் அது. துகள் காந்தத்தில் ஒட்டினால் கிறாங், கேம், ரிங் போன்ற இரும்புச் சாமான். ஒட்டாமல் செம்பு நிறமாகவோ வெள்ளி நிறமாகவோ இருந்தால் பெயாரிங் அல்லது பிஸ்டன். அப்படி உடைந்த எஞ்சினின் ஹெட்டைக் கழுவி எடுக்கலாம். ஒயில் கூலரை மட்டும் எடுக்காதீர்கள். காரணம் கீழே வருகிறது.

காய்ந்த களிமண் ஒயில் வழிகளுக்குள் இருந்தால் அது வெள்ளத்தில் கிடந்த எஞ்சின். கழுவ முடியும். ஆனால் வேலை இரட்டிப்பு, விலை பேசும்போது அதையும் சேர்த்துப் பேசுங்கள். வெள்ளைத் தூள் பூத்திருந்தால் உப்பு. அதற்குத் தனிக் கேள்வி இருக்கிறது.

சாமான் அலுமினியமா இரும்பா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

காந்தத்தை வையுங்கள். ஒட்டினால் வார்ப்பிரும்பு அல்லது எஃகு. ஒட்டாவிட்டால் அலுமினியம், அல்லது காபரேட்டர் உடல் போன்றவற்றில் நாகம் (துத்தநாகம்) கலந்த வார்ப்பு. அவ்வளவுதான் சோதனை. ஆனால் இதைச் செய்யாமல் தொட்டியில் போட்டதால் கெட்ட ஹெட்டுகளும் காபரேட்டர்களும் ஏராளம். அலுமினிய பிளாக்கில் இரும்பு லைனர் இருக்கும், இரும்பு பிளாக்கில் பித்தளைப் புஷ் இருக்கும். ஒரு சாமானில் எத்தனை உலோகம் இருக்கிறதோ அத்தனைக்கும் ஒத்துப்போகிற மருந்தால்தான் கழுவ வேண்டும்.

மண்ணெண்ணெய், டீசல், பெற்றோல்: எதால் கழுவுவது நல்லது?

மண்ணெண்ணெய். ஒயிலையும் கிறீஸையும் நன்றாகக் கரைக்கும், ஓரளவு விரைவாகக் காயும். டீசலும் கரைக்கும், ஆனால் எண்ணெய்ப் படலத்தை விட்டுவிட்டுப் போகும். அதனால் இரவு முழுக்க ஊறப்போட டீசல், தேய்த்துக் கழுவ மண்ணெண்ணெய் என்று பிரித்துக்கொள்ளலாம்.

பெற்றோலால் பெரிய சாமானைக் கழுவாதீர்கள். அதன் ஆவி பூச்சியத்துக்கு 40 பாகை கீழேயும் தீப்பிடிக்கக்கூடியது. தரையோடு பரவிப்போய் அடுத்த அறையில் எரியும் அடுப்பையோ வெல்டிங் பொறியையோ பிடித்துக்கொள்ளும். மண்ணெண்ணெய் தீப்பிடிக்க ஏறக்குறைய 38 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாக வேண்டும். இங்கே பலர் மறப்பது, சித்திரை வெயிலில் கிடந்த இரும்பு அந்தச் சூட்டை இலகுவாகத் தாண்டும் என்பதை. நிழலில் வைத்து, சாமான் ஆறிய பிறகு, காற்றோட்டமான இடத்தில் கழுவுங்கள். சிகரெட் பக்கத்தில் வேண்டாம். கைக்கு நைட்ரைல் கையுறை. மண்ணெண்ணெய் தோலின் எண்ணெயை எடுத்து வெடிக்கப் பண்ணும்.

2022க்குப் பிறகு மண்ணெண்ணெய் முன்போல மலிவாக இல்லை என்பதால் வீணாக்காமல் பாவிக்கும் முறை: கழுவியதை மூடியுள்ள கலனில் ஓரிரவு அசையாமல் வையுங்கள். மண்ணும் துகளும் அடியில் இறங்கும். மேலே உள்ளதை மெல்ல இறுத்து, துணியில் வடித்து, அடுத்த சாமானின் முதல் கழுவலுக்கு வையுங்கள். கடைசிக் கழுவல் எப்போதும் புது மண்ணெண்ணெயில். நான்கு சிலிண்டர் ஹெட் ஒன்றுக்குப் பழையது 3 லீற்றரும் புதியது 1 லீற்றரும் போதும்.

கோஸ்டிக் சோடாவில் போட்டால் சீக்கிரம் சுத்தமாகிறதே, அதில் என்ன பிழை?

வார்ப்பிரும்புக்குப் பிழை இல்லை. அலுமினியத்துக்கு நாசம்.

கோஸ்டிக் சோடா அலுமினியத்தைக் கரைக்கும். கரைக்கும்போது ஹைட்ரஜன் வாயு நுரைத்து வரும், அது தீப்பிடிக்கும். ஒரு மணிநேரம் விட்ட அலுமினிய ஹெட் கறுத்து, கேஸ்கெட் முகம் சொரசொரத்துப் போய்விடும். கேம் ஓடும் துளைகளும் அளவு மாறிவிடும். பிஸ்டன், காபரேட்டர், பித்தளை, நாகப்பூச்சுச் சாமான் எதையும் அதில் போடக்கூடாது. கடையில் விற்கும் கடுமையான அடுப்பு கிளீனர்கள் பலவற்றிலும் இதே சோடாதான், போத்தலின் பின்பக்கத்தைப் படியுங்கள்.

இரும்பு பிளாக், இரும்பு ஹெட், ஒயில் சம்ப் (எஞ்சின் அடியிலுள்ள ஒயில் தொட்டி) போன்றவற்றுக்கு 10 லீற்றர் தண்ணீரில் 500 கிராம் போதும். தண்ணீரை முதலில் எடுத்து, சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு இரும்புக் கம்பியால் கலக்குங்கள். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் ஒரே நொடியில் கொதித்து முகத்தில் தெறிக்கும். கலனாக இரும்பு பரலோ தடித்த பிளாஸ்டிக் வாளியோ எடுங்கள். அலுமினியச் சட்டியும் தகரப்பூச்சு வாளியும் கூடாது. இரும்பு பரலில் 60 முதல் 70 பாகை வரை சூடாக்கினால் இரண்டு மூன்று மணிநேரத்தில் வேலை முடியும். பிளாஸ்டிக் வாளியில் பச்சைத் தண்ணீரிலேயே ஓரிரவு. போடுமுன் பெயாரிங், சீல், புஷ் எல்லாம் கழற்றப்பட்டிருக்க வேண்டும். பெயின்டும் போய்விடும், திரும்ப அடிக்க வேண்டிவரும்.

முகமூடிக் கண்ணாடி, நீளக் கையுறை, கால்மூடிய சப்பாத்து இல்லாமல் இந்த வேலையைத் தொடாதீர்கள். கண்ணில் பட்டால் 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் கண்ணைத் திறந்து கழுவி, பிறகு ஆஸ்பத்திரி. முதலில் ஆஸ்பத்திரிக்கு ஓடினால் வழியிலேயே கண் போய்விடும்.

அலுமினிய ஹெட்டைக் கழுவும் ஒழுங்கு என்ன?

அதிகம் கேட்கப்படும் கேள்வி, பதிலும் நீளம்.

கழற்றுமுன் போனில் நான்கு பக்கமும் படம் எடுங்கள். கேம் மூடிகளில் எண்ணும் அம்புக்குறியும் இருக்கும். அவை அந்தந்த இடத்தோடு சேர்த்துக் கடையப்பட்டவை, ஒன்றை இன்னொன்றின் இடத்தில் போட்டால் கேம் இறுகும். ஒரு காட்போட் மட்டையில் வால்வுகளின் எண்ணிக்கைக்குத் துளையிட்டு, 1 இன், 1 எக்ஸ் என்று எழுதிவையுங்கள். கழற்றும் வால்வை உடனே அதில் குத்திவிட வேண்டும்.

ஆனால் வால்வை உடனே கழற்றாதீர்கள். முதலில் வால்வுகள் மூடியிருக்கும்போதே எரியறையின் கரியை எடுங்கள். வால்வு அமரும் வளையத்தில் பிரஷ் பட்டுக் கீறாமல் அந்த வால்வே காக்கும். ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, எரியறைகளில் மண்ணெண்ணெய் நிரப்பி ஓரிரவு விடுங்கள். காலையில் மூங்கில் சீவலாலும் பித்தளைக் கம்பிப் பிரஷாலும் கரியைச் சுரண்டுங்கள். இரும்புக் கம்பிப் பிரஷ் அலுமினியத்தில் கோடு போடும், உடைந்த கம்பி எங்கேயாவது போய்ச் சிக்கும்.

பிறகு வால்வுகள், ஸ்பிரிங், பழைய ஸ்டெம் சீல் எல்லாவற்றையும் கழற்றுங்கள். சீலை எறிந்துவிடலாம், பூட்டும்போது புதிதுதான். ஒயில் வழி அடைப்பான்களையும் கழற்றுங்கள். கழற்றாமல் கழுவினால் அந்தக் குருட்டு மூலையில் சேறு அப்படியே நிற்கும், புது ஒயில் சூடானதும் இளகி ஓடத் தொடங்கும்.

இனி மூன்று பேசின். முதலாவதில் பழைய மண்ணெண்ணெயும் இரண்டு அங்குலப் பெயின்ட் பிரஷும். வால்வு கைட் (வால்வுத் தண்டு ஓடும் குழாய்) உள்ளே போகும் மெல்லிய நைலோன் பிரஷ் ஒன்று வேண்டும்; ஒவ்வொரு கைட்டிலும் இரண்டு பக்கமும் போய்வர வேண்டும். இரண்டாவதில் புது மண்ணெண்ணெய். மூன்றாவதில் 5 லீற்றர் கைபொறுக்கும் சுடுதண்ணீரில் 50 கிராம் சவர்க்காரத் தூள். மண்ணெண்ணெய் எண்ணெயைக் கரைக்கும், ஆனால் மண்ணைத் தூக்கிக்கொண்டு போகாது. அந்த வேலைக்குச் சவர்க்காரத் தண்ணீர். நுரை கறுக்காமல் வரும்வரை தண்ணீரை மாற்றுங்கள். நல்ல தண்ணீரில் அலசி, கம்பிரசர் காற்றால் ஒவ்வொரு துளையையும் இரண்டு பக்கமும் ஊதுங்கள். கடைசியாக வால்வு அமரும் வளையங்களிலும் கைட்டிலும் எஞ்சின் ஒயில் பூசுங்கள், அவை பெரும்பாலும் இரும்பு.

துடைக்கக் கொட்டன் வேஸ்ட் வேண்டாம். அதன் நூல் துளைகளில் நின்று, பிறகு ஒயில் வடியை (ஒயில் பம்ப் உறிஞ்சும் வாயிலுள்ள வலையை) அடைக்கும். பழைய வெள்ளைச் சாரம் நல்லது: நூல் உதிராது, அழுக்கும் தெரியும்.

ஒட்டிப்போன பழைய கேஸ்கெட்டை எப்படி எடுப்பது? டிஸ்க் போட்டால் ஒரு நிமிட வேலைதானே?

ஒரு நிமிட வேலைதான், அதன் விலைதான் அதிகம். டிரில்லில் பூட்டும் முரட்டு நார் டிஸ்க்குகளில் இருப்பது அலுமினியம் ஒக்சைட் தூள். சுழலும்போது அது உதிர்ந்து ஒயில் வழிகளுக்குள் போகும். பெயாரிங்கின் மெத்தென்ற முகத்தில் குத்தி நின்று, கிறாங்கை அரைத்துக்கொண்டே இருக்கும். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் இதே காரணத்துக்காகத் தன் மெக்கானிக்குகளுக்கு இந்த டிஸ்க்கைப் பாவிக்க வேண்டாம் என்று அறிவித்தல் அனுப்பியது. போதாததற்கு, டிஸ்க் ஓரிடத்தில் அதிகம் நின்றால் முகம் குழியும். கண்ணுக்குத் தெரியாத அந்தக் குழியில்தான் பிறகு தண்ணீர் கசியும்.

கேஸ்கெட்டை மண்ணெண்ணெயில் நனைத்து அரைமணிநேரம் விட்டு, பிளாஸ்டிக் சுரண்டியாலோ சவரக் கத்தி அலகைப் படுக்கையாகப் பிடித்தோ எடுங்கள். உளி வேண்டாம். மிகப் பழைய எஞ்சின்களின் கேஸ்கெட்டில் கல்நார் இருக்கலாம், ஆகவே காய்ந்த நிலையில் உரசித் தூள் கிளப்பாமல் எப்போதும் நனைத்தே சுரண்டுங்கள்.

மணல் அடித்துத் தருகிறார்கள், புதிது போல வருகிறது. கொடுக்கலாமா?

எக்ஸோஸ்ட் மெனிபோல்ட், வெளி மூடி, பிராக்கெட் போன்றவற்றைக் கொடுக்கலாம். ஒயில் ஓடும் எதையும் கொடுக்காதீர்கள். மணலும் கண்ணாடி மணியும் மரைக்குள்ளும் ஒயில் வழிக்குள்ளும் இறங்கி, எத்தனை தரம் கழுவினாலும் கொஞ்சம் நிற்கும். எஞ்சின் சூடாகி உலோகம் விரியும்போது அது வெளியே வரும்.

ஹோன் பண்ணிய (உட்சுவரைக் கல்லால் உரசிக் கோடு போட்ட) சிலிண்டரை மண்ணெண்ணெயால் துடைத்தால் போதுமா?

போதாது. இந்த ஒரு இடத்தில் மட்டும் மண்ணெண்ணெய் பிழையான மருந்து. ஹோன் கல்லின் தூள் கோடுகளுக்குள் ஒட்டியிருக்கும், மண்ணெண்ணெய் அதை இன்னும் உள்ளே இறக்கிவிடும். புது ரிங் சில நூறு கிலோமீற்றரிலேயே தேய்ந்து ஒயில் குடிக்கத் தொடங்குவதற்கு இது ஒரு வழமையான காரணம்.

சுடுதண்ணீர், சன்லைட் சவர்க்காரம், கடினமான நைலோன் பிரஷ். துணி துவைப்பது போலத் தேய்த்து நுரை வெள்ளையாக வரும்வரை. அலசியதும் காற்றால் ஊதி, உடனே வெள்ளைத் துணியில் எஞ்சின் ஒயில் தோய்த்துத் துடையுங்கள். துணியில் சாம்பல் நிறம் வந்தால் திரும்பவும் சவர்க்காரம். துணி வெள்ளையாகவே வரும்வரை. ஈர வார்ப்பிரும்பு சில நிமிடங்களிலேயே செம்மஞ்சளாகத் துருப்பிடிக்கும், ஆகவே ஒயிலைப் பக்கத்தில் எடுத்துவைத்துவிட்டுக் கழுவத் தொடங்குங்கள்.

கிறாங்கின் ஒயில் துளையும் பிளாக்கின் நட்டுத் துளையும்?

கிறாங்கில் துளைகள் சாய்வாக ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும். ஒரு பக்கத்தால் மெல்லிய நீளப் பிரஷை விட்டு மறுபக்கத்தால் எடுங்கள். மண்ணெண்ணெய், பிறகு காற்று. சிறிய அடைப்பான் இருந்தால் அதைக் கழற்றிப் புதிது போட வேண்டும், உழவு மெசின்களிலும் லொறிகளிலும் அதன் பின்னால் மெழுகு போல இறுகிய சேறு கிடக்கும்.

ஹெட் நட்டுப் போகும் துளைகள் பெரும்பாலும் அடி மூடியவை. கழுவிய தண்ணீரோ ஒயிலோ அதற்குள் நிற்க நட்டை இறுக்கினால், அமுங்காத அந்தத் திரவம் பிளாக்கையே வெடிக்க வைக்கும். வெடிக்காவிட்டாலும் இறுக்கம் பொய்யாகக் காட்டும். துளைமேல் துணியைப் போட்டு, கண்ணாடி அணிந்து, காற்றை ஊதுங்கள். மரையில் கரி இருந்தால் மரை வெட்டும் டப்பை விடாதீர்கள், அது மரையின் உலோகத்தையும் சேர்த்து எடுக்கும். மரை துடைக்கும் கருவி, அல்லது பழைய நட்டு ஒன்றில் நீளவாக்கில் இரண்டு வெட்டுப் போட்டுப் பாவியுங்கள்.

காபரேட்டர்?

ஓட்டோ, மோட்டார் சைக்கிள், வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் மெசின் எல்லாவற்றிலும் கதை ஒன்று: பெற்றோல் உள்ளே காய்ந்து பசையாகியிருக்கும். முதலில் பைலட் ஸ்குரூவை மெதுவாக உள்ளே திருப்பி எத்தனை சுற்று என்று எழுதிக்கொள்ளுங்கள், பிறகு கழற்றுங்கள். மிதவை, ஊசி, ஜெட், ரப்பர் வளையம், டயபிராம் எல்லாம் வெளியே. ரப்பரைக் காபரேட்டர் கிளீனரில் ஊறவிட்டால் ஊதிப்போய்த் திரும்பப் பொருந்தாது.

ஜெட்டில் ஊசியோ இரும்புக் கம்பியோ விடாதீர்கள். துளை ஒரு மயிரளவு பெருத்தாலும் பெற்றோல் கூடிப் புகை வரும், அதைச் சரிசெய்ய முடியாது. மெல்லிய தங்கூசி (நைலோன் மீன்பிடி இழை), அல்லது வயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழை போதும். பிறகு வானத்தை நோக்கிப் பிடித்துப் பாருங்கள்: வட்டமாக, ஓரம் கூராக வெளிச்சம் தெரிய வேண்டும். பைலட் ஜெட்டைப் பார்க்காமல் மெயின் ஜெட்டை மட்டும் பார்ப்பதுதான் வழமையான தவறு. ஐட்லில் நிற்காமல் ஓடும்போது மட்டும் சரியாக ஓடும் வண்டிகளில் பெரும்பாலும் பைலட் வழியில்தான் அடைப்பு.

போட் எஞ்சின் சாமானில் உப்பு பிடித்திருக்கிறது. எப்படி எடுப்பது?

உப்பை மண்ணெண்ணெய் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். ஆகவே இங்கே ஒழுங்கு மாறும். முதலில் மண்ணெண்ணெயால் எண்ணெயைப் போக்கி, சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, பிறகு வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் முழுக்க மூழ்க வையுங்கள். ஓரிரவு விட்டுத் தண்ணீரை மாற்றி, இன்னும் ஒரு இரவு. எண்ணெய்ப் படலம் இருக்கும்வரை தண்ணீர் உப்பைத் தொடாது.

தண்ணீர் ஓடும் வழிகளில் கல்லாக இறுகியிருந்தால் வினாகிரியும் தண்ணீரும் சரிபாதி கலந்து ஒரு மணிநேரம் விடலாம். அதற்குமேல் அலுமினியத்தை அசிட்டில் விடாதீர்கள். கழிவறை கழுவும் அசிட்டை எடுக்கவே வேண்டாம். அதிலுள்ள குளோரைட் அலுமினியத்தைப் புள்ளி புள்ளியாகக் குடையும். வினாகிரிக்குப் பிறகு ஒரு லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடா கலந்த தண்ணீரில் அலசி, நல்ல தண்ணீரில் திரும்பவும் அலசுங்கள்.

வெள்ளைத் தூள் போன பிறகு கேஸ்கெட் முகத்தை நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் விழும் குழி நெருப்பு வளையம் (சிலிண்டரைச் சுற்றி வரும் கேஸ்கெட்டின் உலோக வளையம்) அமரும் இடத்தில் இருந்தால் அது கழுவித் தீராது. லேத்தில் முகம் எடுக்க வேண்டும், அல்லது சாமானை விட்டுவிட வேண்டும். தெர்மோஸ்டாட்டையும் நாகத் துண்டையும் (மற்ற உலோகத்துக்குப் பதிலாகத் தான் அரிபடும் துண்டு) புதிதாகவே போடுங்கள். மண்ணெண்ணெயில் ஓடிய இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் எக்ஸோஸ்ட் வாயில் கரி தடித்திருக்கும். பிஸ்டனைக் கீழே இறக்கிவிட்டு மரக் குச்சியால் சுரண்டுங்கள்.

இரும்பு பிளாக்கின் தண்ணீர் வழியில் துரு நிறைந்திருக்கிறது.

கோர் பிளக்குகளை (தண்ணீர் வழியின் துளைகளை அடைக்கும் தகட்டு மூடிகளை) தட்டி எடுத்துவிட்டு, பின்பக்கச் சிலிண்டரைச் சுற்றி அடியில் இறுகிய சேற்றைக் கம்பியால் கிளறி எடுங்கள். பிறகு ஒரு லீற்றருக்கு 50 கிராம் சிட்ரிக் அமிலம், ஓரிரவு. சிலிண்டர், கிறாங் அமரும் இடம் போன்ற கடைந்த முகங்களில் படாமல் தண்ணீர் வழிக்குள் மட்டும் நிரப்புங்கள். அப்பச்சோடாத் தண்ணீரில் அலசிக் காயவிட்டு, புதுக் கோர் பிளக்.

கிணற்றுத் தண்ணீரில் அலசலாமா?

நாக்கில் வைத்துப் பாருங்கள். கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி என்று வாவிக்கும் கடலுக்கும் நடுவே உள்ள மணல் நிலத்தில் சில கிணறுகள் கோடையில் உவர்க்கும். அந்தத் தண்ணீரில் அலசிக் காயவிட்டால் உப்பைப் பூசிவிட்டது போலத்தான். முதல் அலசலுக்கு அது பரவாயில்லை. கடைசி 2 லீற்றர் குழாய்த் தண்ணீராகவோ மழைத் தண்ணீராகவோ இருக்கட்டும், அதையும் சூடாக்கி ஊற்றினால் சாமான் தானே காயும்.

சேர்விஸ் ஸ்டேஷனில் பிரஷர் தண்ணீர் அடிக்கலாமா?

வெளிச்சேற்றுக்கு நல்லது. எல்லா வாயையும் மரக்கட்டையாலோ பொலித்தீன் கட்டியோ அடைத்துவிட்டு அடியுங்கள். சூடான இரும்பில் பச்சைத் தண்ணீரை அடித்தால் வெடிக்கும். சீல், டீசல் பம்ப், ஓல்டர்நேட்டர் பக்கம் நேராக அடிக்காதீர்கள்.

எவற்றைக் கழுவவே கூடாது?

டர்போவை முழுதாக ஊறப்போடக்கூடாது. வெளியே துடைத்து, ஒயில் வரும் குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்யலாம். காற்றால் ஊதி அதைச் சுழலவிட்டு வேடிக்கை பார்த்தால் ஒயில் இல்லாத பெயாரிங் கீறிப்போகும். அதே காரணத்துக்காக எந்தப் பெயாரிங்கையும் காற்றால் சுழற்றாதீர்கள்.

கொமன் ரெயில் இஞ்செக்டரின் (புதிய வகை டீசல் எஞ்சினில் டீசலைப் பீச்சும் சாமானின்) வாய்களை மூடி, வெளியே துடைத்து, டீசல் பம்ப் வேலை செய்பவர்களிடம் கொடுங்கள். நுனியைக் கம்பிப் பிரஷால் தேய்த்தால் துளை போய்விடும். இஞ்செக்டர் பீச்சுவதைக் கையால் தடுத்துப் பார்க்காதீர்கள். டீசல் தோலைத் துளைத்து உள்ளே போனால் விரலை எடுக்க வேண்டிவரலாம். சின்னக் காயமாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பெயாரிங் உடைந்த எஞ்சினின் ஒயில் கூலரை எறிந்துவிடுங்கள். உள்ளே மெல்லிய தட்டுகளுக்கிடையில் நிற்கும் துகளை எவராலும் முழுக்க எடுக்க முடியாது. அங்கே மிச்சம் பிடிப்பது அடுத்த கிறாங்கைக் கொடுப்பதற்குச் சமம்.

பிரேக் கிளீனர் ஸ்பிரே?

சிறிய சாமானுக்கும் கடைசித் துடைப்புக்கும் நல்லது. அடித்த சாமானில் உடனே வெல்டிங் வைக்காதீர்கள். குளோரின் கலந்த வகையாக இருந்தால், அந்தச் சூட்டில் உயிருக்கு ஆபத்தான நச்சுவாயு வரும்.

கழுவி முடிந்தது. பூட்டுமுன் என்ன சோதனை?

ஹெட்டானால் மூன்று. எஃகு நேர்க்கோலை நான்கு ஓரமும் இரண்டு மூலைவிட்டமுமாக வைத்து ஃபீலர் கேஜ் (தடிப்பு குறித்த மெல்லிய தகடு) நுழைகிறதா என்று பாருங்கள். சிறிய கார்களின் அலுமினிய ஹெட் பலவற்றுக்கு எல்லை 0.05 மில்லிமீற்றர் அளவில்தான், உங்கள் எஞ்சினின் கையேட்டில் உள்ளதே கடைசிச் சொல். இரண்டாவது, வால்வையும் பிளக்கையும் பூட்டி, எரியறையில் மண்ணெண்ணெய் நிரப்பி 10 நிமிடம் விடுங்கள்; வாசல்களில் ஈரம் வந்தால் வால்வு உரச வேண்டும். மூன்றாவது வெடிப்பு. கிளீனர், சிவப்புச் சாயம், வெள்ளைத் தூள் என்று மூன்று டின்னாக விற்கிறார்கள். சாயம் அடித்து 15 நிமிடம் விட்டு, கிளீனரைத் துணியில் நனைத்துத் துடைத்து, வெள்ளையை அடியுங்கள். சாமான்மேல் நேராகக் கிளீனர் அடித்தால் வெடிப்புக்குள் இருக்கும் சாயமும் போய்விடும். சிறிது நேரத்தில் வெள்ளையில் சிவப்புக் கோடு தெரிந்தால் வெடிப்பு. டீசல் ஹெட்டில் இரண்டு வால்வுகளுக்கு நடுவேதான் அடிக்கடி வரும்.

உடனே பூட்டவில்லை. மாரியில் எப்படி வைப்பது?

ஐப்பசியிலிருந்து தை வரை காற்றே ஈரம். இரும்பு முகங்களில் சுத்தமான எஞ்சின் ஒயிலைப் பூசி, வாய்களை அடைத்து, பொலித்தீன் பையில் கட்டி, நிலத்திலிருந்து உயர்த்தி வையுங்கள். காயாத சாமானைப் பையில் கட்டினால் உள்ளேயே வியர்த்துத் துருப்பிடிக்கும். சிமெந்துத் தரையில் ஹெட்டைக் கவிழ்த்து வைக்காதீர்கள், ஒரு கீறல் போதும்.

பூட்டிவிட்டு, ஒயிலில் கொஞ்சம் டீசல் கலந்து ஓடவிட்டால் மிச்ச அழுக்கும் போகாதா?

போகும், போகிற இடம் ஒயில் வடி. டீசல் ஒயிலை மெலிதாக்கிப் பெயாரிங்கின் படலத்தைக் குறைக்கும், இளகிய சேறு வடியை அடைத்து பிரஷரை விழுத்தும். அதற்குப் பதில் சம்ப்பைக் கழற்றிக் கையால் கழுவுங்கள். பூட்டும்போது பெயாரிங்கின் பின்முதுகு காய்ந்தும் உள்முகம் ஒயிலோடும் இருக்கட்டும். புது வடிகட்டியைப் போட்டு, எரிபொருளை நிறுத்திவிட்டு, ஒயில் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரைப் பத்துப் பத்துச் செக்கனாகச் சுற்றி, பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். முதல் ஒயிலையும் வடிகட்டியையும் 500 கிலோமீற்றரில், உழவு மெசினானால் 25 மணிநேரத்தில் மாற்றுங்கள். மாற்றிய வடிகட்டியை வெட்டித் தாளை விரித்துப் பாருங்கள், கழுவல் எப்படி என்று அது காட்டும்.

அழுக்கு மண்ணெண்ணெயையும் சேற்றையும் எங்கே கொட்டுவது?

வாவியிலும் வாய்க்காலிலும் கிணற்றடியிலும் வேண்டாம். கரையோர மணலில் ஊற்றியது நேரே கிணற்றுக்கு இறங்கும், நிலத்தடித் தண்ணீர் அங்கே ஆழமில்லை. பழைய ஒயில் வாங்க வருபவர்களிடம் ஒயிலோடு மண்ணெண்ணெய் கலந்திருக்கிறது என்று சொல்லிக் கொடுங்கள். அடிச்சேற்றை மரத்தூளில் பிசைந்து மூடியுள்ள டின்னில் வையுங்கள், எண்ணெய்த் துணிகளும் அதே டின்னுக்குள், அடுப்புக்குத் தூரமாக. சோடாத் தண்ணீரையும் அசிட் தண்ணீரையும் ஒரே வாளியில் சேர்க்காதீர்கள், கொதித்துத் தெறிக்கும். சோடாத் தண்ணீரை வடித்து, மூடி, பெயர் எழுதி வைத்தால் அடுத்த பிளாக்குக்கும் பாவிக்கலாம். குடிதண்ணீர்ப் போத்தலில் மட்டும் ஊற்றிவைக்காதீர்கள்.